யாழ்ப்பாணத்துக் காற்றும் மின்சார சைக்கிளும்: யாருக்கு எந்த வண்டி பொருந்தும்?

கொக்குவிலிலிருந்து நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: எழுபது வயதை நெருங்கும், முழங்கால் நோவுள்ள தகப்பனார், தீவகத்து வேலணையில் படிப்பிக்கும் தமக்கை, அவருக்கு ஒரு வழிப் பயணம் ஏறக்குறைய 15 கிலோமீற்றர், புத்தூர்ப் பக்கத்தில் தோட்டம் செய்து மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோகும் தமையன், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி. இந்த நால்வருக்கும் ஒரே வகை மின்சார சைக்கிளை ஒன்றாக எடுத்தால் விலையில் கழிவு தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய விபரத்தில் உள்ள 36 வோல்ற்று, 10 அம்பியர் மணி பற்றரி கொண்ட அந்த வண்டி, நால்வரில் உங்கள் தகப்பனார் ஒருவருக்கு மட்டுமே ஓரளவு பொருந்தும். உங்கள் தமையனுக்கு இப்போதைக்கு மின்சார வண்டியே தேவையில்லை என்பது என் கருத்து. ஓட்டுபவரின் உடல்நிலை, சுமை, அன்றாடம் போகும் பாதை ஆகிய மூன்றும் நால்வருக்கும் வெவ்வேறாக இருக்கும்போது, கழிவுக்காக ஒரே வண்டியை வாங்கினால் இரண்டு வண்டிகளாவது ஆறு மாதத்தில் விறாந்தையில் சாத்திக் கிடக்கும்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த தட்டையான நிலம். மேடு என்று சொல்லத்தக்க மேடு இங்கு இல்லை. ஆகவே எந்த மோட்டாரும் இங்கே போதும் என்று கடைகளில் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை, ஏனென்றால் மற்ற ஊர்களில் மேடு செய்யும் வேலையை இங்கே காற்றுச் செய்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும். மார்கழியிலிருந்து மாசி வரை வடகிழக்கிலிருந்து, வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றும் அந்த வாடை வீசும். இரண்டும் ஒரு நாள் அடித்து மறுநாள் ஓயும் காற்றுகள் அல்ல.

இதைக் கணக்கில் பார்த்தால் தெளிவாக விளங்கும். நிமிர்ந்து இருந்து சைக்கிள் ஓடும் ஒருவர், வண்டியோடு சேர்த்து 100 கிலோ நிறை என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத வேளையில் அவர் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் போவதற்குச் சில்லில் ஏறக்குறைய 175 வாற்று வலு வேண்டும். எதிரே மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், அதே வேகத்தில் போக 350 வாற்றுக்கு மேல் வேண்டும். அதாவது வலு இரட்டிப்பாகிறது. நூறு மீற்றருக்கு மூன்று மீற்றர் உயரும் சாய்வில் ஏறுவது போன்ற நிலை அது. மேடென்றால் ஏறி முடித்ததும் இறக்கம் வரும். கடலைக் கடந்து தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாலத்திலும் பொன்னாலைப் பாலத்திலும் இந்தக் காற்று கடற்பரப்பின் மேலாகத் தடையின்றி வந்து, பாலம் முடியும் வரை முகத்தில் அடித்துக்கொண்டேயிருக்கும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுமே, போனது வந்துவிடுமே என்று கேட்கலாம். வராது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், எதிர்காற்றில் கூடுதலாகச் செலவாகும் சக்தி முழுவதும் பின்காற்றில் மிச்சமாவதில்லை.

விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பவை இரண்டு: மோட்டாரின் வாற்று, ஒரு தடவை சார்ச் செய்தால் ஓடும் தூரம். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, பற்றரியில் ஒட்டியிருக்கும் சிறிய லேபலைப் பாருங்கள். அதிலுள்ள வோல்ற்றை அம்பியர் மணியால் பெருக்கினால் கிடைக்கும் வாற்று மணிதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் சரக்கு. உங்களுக்குக் காட்டிய வண்டியில் 36 தர 10, ஆக 360 வாற்று மணி. 48 வோல்ற்று, 13 அம்பியர் மணி என்றால் 624. மின்சாரப் பட்டியலில் ஓர் அலகு என்று வருவது 1000 வாற்று மணி. அதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தத் தொகைகள் பழகிவிடும். விளம்பரத்தில் சொல்லும் தூரமோ, நிறை குறைந்த ஒருவர், காற்றில்லாத வீதியில், மோட்டார் தரும் உதவியைக் குறைந்த நிலையில் வைத்து, புதிய பற்றரியோடு ஓடியதாக இருக்கும். நீங்கள் வாங்குவது அந்த ஒரு நாளுக்காக அல்லவே. எதிர்காற்றுள்ள ஒரு பின்னேரம், மூன்று வருடம் பழசாகித் தன் கொள்ளளவில் முப்பது சதவீதத்தை இழந்துவிட்ட பற்றரி வீடு வரை கொண்டுவந்து சேர்க்குமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வி மிகவும் கூர்மையாகப் பொருந்துவது உங்கள் தமக்கைக்கு. அவருடைய பாதை பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி என்று தென்மேற்காகவும் மேற்காகவும் போகிறது. சோழக காலத்தில் காலையில் எதிர்காற்று. வாடைக் காலத்தில் பாடசாலை விட்டுக் களைத்து வரும் நேரத்தில் எதிர்காற்று. சேலை உடுத்து, கொப்பிக் கட்டோடு, குறித்த நேரத்துக்குள் கையொப்பமிடப் போக வேண்டியவர் அவர். மணிக்கு 20 கிலோமீற்றரில் முக்கால் மணி நேரம் பெடல் மிதித்து வியர்த்துப் போவதைப் பழகியவர் என்றால் வேறு விடயம். இல்லையென்றால் அவருக்குச் சைக்கிளைவிட, காலைத் தூக்கிப் போடாமல் ஏறக்கூடிய மின்சார ஸ்கூட்டரே ஏற்றது. சேலையோடு ஸ்கூட்டி ஓடுவது எங்கள் ஊர் ஆசிரியைகளுக்குப் புதிதல்ல. சைக்கிளே வேண்டும் என்று அவர் சொன்னால், செயினை முழுதாக மூடும் உறையும், பின் சில்லின் மேற்பாதியை இருபுறமும் மறைக்கும் வலையும் இல்லாத வண்டியைத் தொடவே வேண்டாம்.

ஸ்கூட்டர் என்றால் கணக்கு இப்படி வரும். ஆளும் வண்டியும் 150 கிலோ, வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர் என்று கொண்டால், காற்றில்லாத நேரத்தில் கிலோமீற்றருக்கு 25 வாற்று மணிக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். முன்னர் சொன்ன, மணிக்கு 15 கிலோமீற்றர் வேக எதிர்காற்றில் அது 40ஐத் தொடும். பின்காற்றில் 15 அளவுக்கு இறங்கும். போக 15 கிலோமீற்றர், வர 15 கிலோமீற்றர் என்றால் காற்றுள்ள நாளில் ஏறக்குறைய 825 வாற்று மணி; வழியில் சந்தைக்கும் பாமசிக்கும் திரும்பினால் 900 முதல் 1000 வரை போகும். இப்போது கடையில் நிற்கும், விலை குறைந்த ஸ்கூட்டரைப் பாருங்கள். அதில் ஐந்து ஈய அமில பற்றரிகள், ஒவ்வொன்றும் 12 வோல்ற்று, 20 அம்பியர் மணி. மொத்தம் 1200 வாற்று மணி என்று லேபல் சொல்லும். ஆனால் ஈய அமில பற்றரியிலிருந்து வேகமாக மின்னை இழுத்தால் லேபலில் உள்ள அளவு முழுவதும் கிடைக்காது. அடிவரை தீர்த்துப் பழகினால் சில நூறு சார்ச்சுகளிலேயே அது சோர்ந்துவிடும். கைக்கு உண்மையில் கிடைப்பது 750 முதல் 800 வாற்று மணி என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. புதிதாக இருக்கும்போதே காற்றுள்ள நாளில் அது உங்கள் தமக்கையை வீட்டுக்குக் கொண்டுவராது. 60 வோல்ற்று, 30 அம்பியர் மணி லிதியம் பற்றரியில் 1800 வாற்று மணி உண்டு. மூன்று வருடம் கழித்து எழுபது சதவீதமாகக் குறைந்தாலும் 1260 மிஞ்சும். 1800 வாற்று மணிக்குக் குறைந்த எதையும் அவருக்கு வாங்க வேண்டாம்.

லிதியத்திலும் இரண்டு வகை பரவலாக வருகிறது. நிக்கல், மங்கனீசு, கோபாற்று கலந்தது நிறை குறைந்தது. லிதியம் இரும்பு பொஸ்பேற்று வகை சற்றுப் பாரமானது, ஆனால் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், சார்ச் செய்யக்கூடிய தடவைகளும் பல மடங்கு அதிகம். சித்திரை வைகாசி வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் வண்டி நிற்கும் எங்கள் ஊருக்கு, இரண்டும் கிடைக்குமானால், இரும்பு பொஸ்பேற்று வகையையே எடுக்கச் சொல்வேன். எந்த வகையானாலும் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோக முடிகிறதா என்று பாருங்கள். ஈய அமிலத் தொகுதி ஐந்தும் சேர்ந்து 30 கிலோவுக்கு மேல் பாரம். அதைக் கழற்றுவது என்ற பேச்சே இல்லை.

கடையில் ஒரு சிறிய பரீட்சை செய்யலாம். பாவித்த வண்டி வாங்குவோருக்கு இது கட்டாயம் தேவை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திச் சாவியைத் திருப்பினால் பற்றரி அளவுகாட்டியில் எல்லாக் கோடுகளும் நிறைந்து நிற்கும். அதை நம்ப வேண்டாம். இருவர் ஏறி உட்கார்ந்து, நின்ற நிலையிலிருந்து கைப்பிடியை முழுதாக முறுக்கிக்கொண்டு புறப்படுங்கள். பின்னால் இருப்பவர் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஐந்து கோடு நாலாகி, மீண்டும் ஐந்தானால் நல்லது. புறப்படும் கணத்தில் இரண்டுக்கோ ஒன்றுக்கோ விழுந்து, கைப்பிடியை விட்டதும் மெல்ல ஏறி வந்தால், பற்றரியின் உள்தடை கூடிவிட்டது, அது தன் காலத்தை முடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். "ஒரு பற்றரிதான் பழுது, அதை மட்டும் மாற்றித் தருகிறோம்" என்று சொல்லக்கூடும். தொடராகக் கோத்த ஐந்தில் ஒன்று மட்டும் புதிதாக இருந்தால், பழசு நான்கும் முதலில் வெறுமையாகிக் கெட்டுப்போகும். மாற்றினால் ஐந்தையும் ஒன்றாக மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.

தீவகப் பாதையில் இன்னொரு எதிரி உப்பு. காற்றில் வரும் ஈர உப்பு ஆரைக் கம்பிகளிலும் செயினிலும் கறலைப் பிடிக்கச் செய்வது கண்ணுக்குத் தெரியும். மோட்டாரிலிருந்து, அதற்குப் போகும் மின்னைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலருக்குப் போகும் வயர் இணைப்புகளுக்குள் செப்பில் பச்சை படிவது தெரியாது. வண்டி ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது என்ற வகைக் குழப்பங்களில் பலவற்றுக்கு இதுவே காரணம். வயர் இணைப்புகள் முறுக்கி நாடா சுற்றியவையா, றப்பர் வளையத்தோடு திருகி மூடியவையா என்று குனிந்து பார்த்து வாங்க வேண்டும். நீர் புகாத் தரம் ஐ.பி. 65 என்றால் மழைக்கும் தெறிக்கும் நீருக்கும் போதும். 67 என்றால் சிறிது நேரம் தண்ணீருக்குள் இருந்தாலும் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் ஒழுங்கைகளில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும்போது, சைக்கிளில் மோட்டார் பூட்டிய சில்லு அச்சு நிலத்திலிருந்து ஓரடிக்குச் சற்று உயரத்தில்தான் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கழுவும்போது வாளித் தண்ணீரும் ஈரத் துணியும் போதும். சேர்விஸ் நிலையத்தில் அழுத்தமாகப் பீய்ச்சும் நீரை மோட்டாரின் அச்சுப் பக்கம் காட்டவே கூடாது.

தகப்பனாருக்கு வருவோம். வீட்டிலிருந்து நல்லூர், திருநெல்வேலிச் சந்தை, உறவினர் வீடு என்று ஒரு நாளில் எட்டுப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் அவர் போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பற்றரி அளவு அவருக்குப் பிரச்சினையே அல்ல; 360 வாற்று மணி தாராளம். அவருக்கு முக்கியம் புறப்படும் கணமும் நிற்கும் கணமும். மலிவான மின்சார சைக்கிள்களில் பெடல் சுழல்கிறதா என்பதை மட்டும் அறியும் உணரி இருக்கும். பெடலை மிதித்துச் சிறிது சுழன்ற பிறகே மோட்டார் விழிக்கும். விழித்ததும் முழு வேகத்தில் தள்ளும். மிதிப்பதை நிறுத்திய பிறகும் அரைக் கணம் தள்ளிக்கொண்டிருக்கும். இளைஞருக்கு இது பழகிவிடும். சந்தையடியில் ஆட்களுக்கிடையே மெல்ல ஊர்ந்து போகும் முதியவருக்கு அந்த அரைக் கணம் போதும், விழுந்துவிடுவார். மிதிக்கும் விசையின் அளவை அறிந்து அதற்கேற்ப உதவும் உணரி கொண்ட வண்டி விலை கூடியது, ஆனால் அவருக்காக நீங்கள் கூடுதலாகச் செலவழிக்கத்தக்க ஒரே இடம் அதுதான். அது கிடைக்காவிட்டால், உதவி நிலையை மிகக் குறைந்ததில் நிறுத்திவைத்து, பெருவிரலால் மெல்ல அழுத்தும் முடுக்கி உள்ள வண்டியைப் பார்க்கலாம். எதுவானாலும் பிறேக் கையைத் தொட்ட கணத்தில் மோட்டார் நிற்க வேண்டும். பின் சில்லைத் தூக்கிச் சுழலவிட்டு, பிறேக்கைச் சில்லு பிடிக்காத அளவுக்கு இலேசாக மட்டும் அழுத்திப் பாருங்கள்; மோட்டாரின் ஒலி அப்போதே அறுந்து போக வேண்டும்.

நடுப் பார் இல்லாத சட்டம், இருக்கையில் இருந்தபடியே இரு பாதங்களும் நிலத்தில் ஊன்றும் உயரம், இரண்டும் அவருக்கு வேண்டும். "பெண்கள் சைக்கிள்" என்று அவர் முகம் சுளிக்கக்கூடும். முழங்கால் நோவோடு பாருக்கு மேலால் காலை வீசி ஏறும்போதுதான் வயதானவர்கள் அதிகம் சரிகிறார்கள் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். வண்டியின் நிறையும் பார்க்க வேண்டியது. மின்சார சைக்கிள் பெரும்பாலும் 24 முதல் 28 கிலோ வரை இருக்கும். படலையில் படியிருந்தால், ஓர் அழுத்தானை அழுத்தியதும் நடக்கும் வேகத்தில் மோட்டாரே வண்டியைத் தள்ளித் தரும் நடை உதவி நன்மை தரும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடாத நாட்களில் தூரத்தில் நிறுத்திவிட்டுத்தான் நடக்க வேண்டியிருக்கும் என்பதால், பற்றரிக்கும் பூட்டு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருடைய பழைய ராலி சைக்கிளுக்கே மோட்டார் பூட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எண்ணெய் இல்லாத, மின்சாரமும் இல்லாத தொண்ணூறுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவில் செய்தி கேட்ட ஊர் இது. அந்தச் சைக்கிளில் அவருக்கு இருக்கும் பற்று எனக்கு விளங்குகிறது. ஆனாலும் வேண்டாம். பழைய 28 அங்குலச் சில்லின் விளிம்பு 635 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது. சந்தையில் வரும் மோட்டார்ச் சில்லுகள் பெரும்பாலும் 26 அங்குலம் அல்லது 622 மில்லிமீற்றர் விளிம்புக்கானவை, ஆகவே பிறேக் கட்டைகள் அவற்றில் சரியாகப் படியாது. பின் கவையின் அகலமும் சில்லின் நடுவிலேயே அமைந்த ஹப் மோட்டாருக்குத் தேவையான 135 மில்லிமீற்றருக்குக் காணாது. அதனால் பலர் மோட்டாரை முன் சில்லில் பூட்டுகிறார்கள். மோட்டார் உதைக்கும் விசையில் அச்சு கழன்று முன் சில்லு கவையிலிருந்து வெளியே வந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கெல்லாம் மேலாக, மழை நனைத்த குரோம் விளிம்பைக் கம்பி பிறேக் எவ்வளவு பிடிக்கும் என்பது அவருக்கே தெரியும். ராலி ராலியாகவே இருக்கட்டும்.

தமையனின் தேவை முழுக்கச் சுமை பற்றியது. அதிகாலையில் 70, 80 கிலோ கத்தரிக்காயையும் மிளகாயையும் ஏற்றிக்கொண்டு, தோட்டத்துச் செம்மண் ஒழுங்கையில் பள்ளம் திட்டியைக் கடந்து சுன்னாகம் சந்தைக்கோ திருநெல்வேலிக்கோ போகிறவர் அவர். மின்சார சைக்கிள் பலவற்றின் கரியரில் 25 கிலோ என்றே எழுதியிருக்கும். அதற்கு மூன்று மடங்கு ஏற்றினால் முதலில் உடைவது மோட்டார்ச் சில்லின் ஆரைக் கம்பிகள். மோட்டார்ச் சில்லில் ஆரைகள் குட்டையானவை, வளைந்து கொடுக்காதவை. சுமையோடு கிடங்கில் விழுந்து எழும்போது ஒவ்வொன்றாக அறும். அவற்றின் அளவு சாதாரண சைக்கிள் கடையில் எப்போதும் கிடைப்பதும் இல்லை. மழைக்குப் பின் செம்மண் களியாகி ஒட்டும்போது, சுமையோடு மெல்லச் சுழலும் ஹப் மோட்டார் இழுக்கும் மின்னில் பெரும்பகுதி சூடாகவே போகும். இந்த வேலையைச் செய்யக்கூடிய மின்சார மோட்டார் சைக்கிள்களும் சுமை முச்சக்கர வண்டிகளும் உண்டு. ஆனால் அவற்றின் விலைக்கும், பற்றரி மாற்றும் செலவுக்கும், அவருடைய பருவத்துக்குப் பருவம் மாறும் வருமானத்துக்கும் பொருத்தம் காணவில்லை. இருக்கும் பெற்றோல் மோட்டார் சைக்கிளை அவர் விற்க வேண்டாம். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற கசப்பில்தான் பலர் எல்லாவற்றையும் மின்சாரத்துக்கு மாற்ற நினைக்கிறார்கள். அதே ஆண்டு மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டும் இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரே வீட்டில் ஒன்று பெற்றோலிலும் மற்றவை மின்சாரத்திலும் ஓடுவது கெட்டித்தனம்.

பேராதனையில் இருக்கும் தம்பிக்கு இங்கிருந்து வண்டி வாங்கி அனுப்புவது சரிவராது. அங்கே காற்று ஒரு பொருட்டல்ல; ஹந்தானை மலையடிவாரத்தில் விரிந்த வளாகம் அது, விடுதிகளுக்கும் பீடங்களுக்கும் இடையே உண்மையான ஏற்றங்கள் உண்டு. நூற்றுக்கு எட்டு என்ற சாய்வில், மணிக்கு 10 கிலோமீற்றர் என்ற மெல்லிய வேகத்தில் ஏறுவதற்கே 240 வாற்று அளவு வேண்டும். தட்டை நிலத்துக்கு முன்னர் சொன்ன 175 வாற்றைவிட இது சற்றுத்தான் கூட என்று தோன்றும். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஹப் மோட்டார் அந்த வலுவைத் தன் இயல்பான சுழற்சி வேகத்தில் தருகிறது. மலையில் அரைகுறை வேகத்தில் திணறிக்கொண்டு தர வேண்டியிருக்கிறது, அதனால் சூடாகிறது. பெடல் அச்சில் பூட்டிய நடு மோட்டார் சைக்கிளின் கியர்களைத் தானும் பயன்படுத்துவதால் ஏற்றத்தில் அதுவே சிறந்தது. அதற்கு விலை அதிகம், செயின் விரைவில் தேயும், உடைந்தால் அந்தக் கொம்பனியின் பாகமே வேண்டும். நடு மோட்டார் கட்டாதென்றால், உள்ளே பற்சில்லு கொண்ட ஹப் மோட்டாரைப் பார்க்கலாம். பற்சில்லு இல்லாத, காந்தம் நேரே சுழலும் வகை ஏற்றத்துக்கு உதவாது. இரண்டையும் பிரித்தறிவது எளிது: மின்னை நிறுத்திவிட்டுச் சில்லைக் கையால் பின்னோக்கியும் முன்னோக்கியும் சுழற்றுங்கள். முன்னோக்கித் தடையின்றிச் சுழன்று, பின்னோக்கிச் சுழற்றும்போது இறுகினால் பற்சில்லு உண்டு. இருபுறமும் ஒரே மாதிரிக் காந்தம் இழுப்பதுபோல் தடுக்கித் தடுக்கிச் சுழன்றால் நேரடி வகை. இறக்கத்துக்கு எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிறேக் இருந்தால் நல்லது. விடுதி அறையில் பற்றரி சார்ச் செய்ய அனுமதி உண்டா என்பதை இவை எல்லாவற்றுக்கும் முன்னர் அவர் கேட்டு அறியட்டும். இல்லையென்றால் இந்தப் பேச்சே வேண்டியதில்லை.

ரயர் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுச் சைக்கிளுக்கு இரண்டு அங்குல அகல ரயர் போதும். அதைக் கிழமைக்கு ஒருமுறை காற்றுப் பார்த்து இறுக்கமாக வைத்திருந்தால், ஒரு சார்ச்சில் ஓடும் தூரம் செலவில்லாமலே கூடும்.

சார்ச் செய்வது பற்றி உங்கள் வீட்டுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். தமக்கையின் ஸ்கூட்டர் மாதத்துக்கு 20 முதல் 25 அலகு வரை எடுக்கும். இங்கே வீட்டு மின் கட்டணம் படிமுறையாக ஏறுவதால், உங்கள் தற்போதைய பாவனை ஒரு படியின் விளிம்பில் நின்றால் அந்த 25 அலகு முழுப் பட்டியலையும் அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். பழைய பட்டியல்களை எடுத்துப் பார்த்துவிட்டே சேமிப்புக் கணக்குப் போடுங்கள். கூரையில் சோலர் இருந்தால் விடுமுறை நாட்களில் பகலில் ஏற்றலாம். ஓடி வந்த சூட்டோடு செருக வேண்டாம். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மெத்தைக்கோ கதவடிக்கோ பக்கத்தில், எல்லோரும் உறங்கும் நேரத்தில் சார்ச் செய்யக் கூடாது. நீண்ட நாள் வெளியூர் போவதானால் லிதியத்தைப் பாதியளவில் வைத்துவிட்டுப் போங்கள். ஈய அமிலமானால் நிறைத்து வைத்துவிட்டுப் போக வேண்டும். பாதுகாப்புச் சுற்றுப் பலகை இல்லாமல், பழைய மடிக்கணினிப் பற்றரிக் கலங்களைக் கோத்துக் கட்டிய மலிவான பற்றரித் தொகுதிகள் சில இடங்களில் விற்கப்படுகின்றன. இலவசமாகத் தந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஸ்கூட்டருக்குப் பதிவு இலக்கம், காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம், தலைக்கவசம் எல்லாம் பெற்றோல் வண்டிக்குப் போலவே வேண்டும். பெடல் உள்ள, ஆனால் முடுக்கியாலும் ஓடும் வண்டி எந்த வகையில் அடங்கும் என்பதைக் கடைக்காரரின் வாய்ச்சொல்லில் விட்டுவிடாமல், மோட்டாரின் வாற்றைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்து, முற்பணம் கொடுக்க முன்னரே மாவட்டச் செயலகத்தில் உள்ள மோட்டார் போக்குவரத்துக் கிளையில் காட்டிக் கேளுங்கள். உத்தரவாதப் பத்திரத்தில் பற்றரிக்கு எத்தனை மாதம், மோட்டாருக்கு எத்தனை மாதம், பழுதானால் கொழும்புக்கு அனுப்பும் செலவு யாருடையது என்ற மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஆகவே இப்போதைக்கு இரண்டு வண்டிகள் மட்டும் வாங்குங்கள்: தகப்பனாருக்கு நடுப் பார் இல்லாத சைக்கிள், தமக்கைக்கு லிதியம் ஸ்கூட்டர். ஸ்கூட்டரைக் கடைக்கு முன்னால் உள்ள வீதியில் ஓடிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சோழகம் வீசும் ஒரு நாளில், தமக்கையே ஓட்ட, நீங்கள் பின்னால் இருந்து, பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுச் சந்தி வரை போய் வாருங்கள். அவருக்குப் பக்கக் காற்றில் ஹான்டில் நிதானமாக நிற்கிறதா, வேகம் எவ்வளவுக்கு விழுகிறது, எத்தனை கோடு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு வண்டியைத் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.